எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

காரைக்குடித் திங்கட்சந்தையில்
எனாமல் போன தூக்குச்சட்டிக்கும்
அறுந்த சைக்கிள் செயினுக்கும் நடுவே
ஒரு பிஸ்கட் டின் நிறைய ஆறாம் ஜார்ஜ்.
"எதை எடுத்தாலும் தொள்ளாயிரம்"
என்றாள் வள்ளிக்கண்ணு.
வெள்ளிக்குத்தான் விலை.
முகத்துக்கு இல்லை, வருஷத்துக்கு இல்லை.

நான் வீடு வீடாகப் போய்
மின்சார மீட்டர் எண் குறிப்பவன்.
தூசி அடைந்த கண்ணாடிக்குப் பின்னால்
எட்டா மூன்றா என்று வீட்டுக்காரரே திணறுகிற இலக்கத்தை
டார்ச் அடிக்காமல் சொல்லிவிடுவேன்.
பதினேழு நாணயம் புரட்டினேன்.
எல்லாம் முப்பத்தெட்டு.
பதினெட்டாவதில்
கீழ்வட்டம் மூடவில்லை.

ஒன்பது.

நகக்கண் அளவுகூட இல்லாத அந்தத் திறப்புக்குள்
என் ஸ்கூட்டரைப் போல் இரண்டு நிறுத்தலாம்.

அதன்பின் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.
கேட்ட விலையை உடனே கொடுத்திருந்தால்
அவளுக்குப் பொறி தட்டியிருக்கும்.
ஆகவே உதட்டைப் பிதுக்கினேன்.
"தேஞ்சிருக்கே" என்றேன், தேயாததை.
டின்னுக்குள் திரும்பப் போட்டேன்,
விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டே.
இரண்டடி நடந்தேன்.
"இன்னும் போணி ஆகல. எண்ணூத்தம்பது குடுத்துட்டு எடுத்துக்க."
இரண்டு ஐந்நூறு கொடுத்தேன்.
சுருக்குப்பையிலிருந்து நூறும் ஐம்பதும் வந்தன.
ஐம்பது ஈரமாக இருந்தது.

நியாயமெல்லாம் எனக்கு அத்துப்படி.
வாரம் முழுக்க எனக்கு நானே வக்கீல்.
அவளும் லேசுப்பட்டவள் இல்லை.
பள்ளத்தூரில் ஒரு பாகப்பிரிவினை வீட்டில்
பங்காளிகள் ஐந்து பேரும் சாவிக்கொத்துக்கு மல்லுக்கட்டும்போது
"தகரந்தானே" என்று இந்த டின்னை
பழைய இரும்போடு போட்டுத் தூக்கி வந்தவள்.
சிரித்துக்கொண்டே அவளே சொன்னது.
அந்த வீட்டுக்கு வெள்ளியாக வந்து சேர்ந்தது
ஐராவதி ஓரம் எவன் வயலுக்கு ஏறின வட்டியோ.
போன வருஷம் மதுரைக் கண்காட்சியில்
அம்மன் காசு என்று ஒருவன் எனக்கு
போன மாசம் வார்த்த செம்பை விற்றான்.
அவன் நன்றாகத் தூங்குகிறான்.
அப்புறம், இருபது வருஷமாகக் கெட்ட என் கண்
முதல் இல்லையா?
முதலுக்கு வட்டி கேட்டால் தப்பா,
அதுவும் இந்த ஊரில்?

எல்லாம் சரிதான்.
லட்சம் உறுத்தவே இல்லை.
அந்த ஐம்பதுதான்.
எனக்கு வேண்டாத ஐம்பது.
நான் யாரென்று அவளுக்குத் தெரியாமலிருக்க
அவளிடமே வாங்கிய கூலி.

அவளிடம் முன்பு எடைக்கு வாங்கிய
பேரேடு ஒன்று வீட்டில் இருக்கிறது.
தலைப்பில் சிவமயம்.
அடுத்த வரியிலேயே பிள்ளையார் பேரில் மகமை.
தொந்திக்காரருக்கும் பங்கு எழுதிய கை
விவரம் தெரியாமல் விற்றவனுக்கு
ஒரு வரி விட்டு வைத்திருக்குமா என்று
கடைசிப் பக்கம்வரை பார்த்தேன்.
பூச்சி தின்ற இடத்தில் இருந்ததோ என்னவோ.

அடுத்த திங்கள் போனேன்.
வண்டியை அணைக்காமலே நீட்டினேன்.
"போன வாரம் சில்லறை தப்பா வந்துருச்சு."
வள்ளிக்கண்ணு தாளை வாங்கவில்லை.
தாளைப் பார்த்தாள்.
என் சட்டைப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
சந்தைக்காரிக்குத் தெரியும்,
ஐம்பது தானாகத் திரும்பி வருகிறதென்றால்
பெரிசு ஒன்று எங்கோ போயிருக்கிறது.

குனிந்து டின்னை இழுத்தாள்.
மூடியை அழுத்தி
மடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.
உள்ளே வெள்ளி ஒருமுறை சரிந்து அடங்கியது.
"எந்த வருஷம்?" என்றாள்.

வாசல் வாசலாக நின்று
எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் பழகிய வாய் இது.
பின்னால் கோழி வண்டிக்காரன் ஹாரனை அழுத்துகிறான்.
ஐம்பது ரூபாய் இன்னும் என் கையில் இருக்கிறது.
வண்டி ஓடிக்கொண்டே நிற்கிறது.