ஏழாவது கிலோமீட்டர்

உச்சிப்புளி வங்கியில்
மூன்றாம் நம்பர் சன்னலில் இருந்தவர்
படிவத்திலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்:
தொழில்?

ஓட்டம், என்றேன்.
என்ன வண்டி, என்றார்.

ஓட்டுவதில்லை சார், ஓடுகிறேன்.
பேனா மூடியைக் கடித்தார்.
பின்னால் நின்ற ஐஸ் கம்பெனிக்காரர்
குனிந்து என் செருப்பைப் பார்த்தார்.

வருமானம் உண்டா அதில்?

தங்கச்சிமடம் திருவிழாவில் ஒரு குக்கர்,
மூன்று லிட்டர், விசில் மட்டும் இல்லை.
தேவிபட்டினத்தில் ஆயிரத்து ஐநூறு,
பந்தல் செலவென்று இருநூறு பிடித்துக்கொண்டார்கள்.
பெரியபட்டினத்தில் ஒரு கிடாய்.
அதைப் பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்றார் நடத்துனர்.
இரவெல்லாம் நான் அதை இழுத்தும்
அது என்னை இழுத்தும்
மண்டபம் வந்து சேர்ந்த தூரத்தை
எந்தக் கணக்கில் வைக்க?

மற்றபடி நண்டு கம்பெனி.
வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது,
கிலோவுக்கு இவ்வளவு என்று.
விரல் கிழிந்தால் அன்றைக்குக் கிலோ குறையும், கூலி குறையும்.
ஓடும்போது கணுக்கால் பிசகினால்
யாரும் எதையும் பிடிப்பதில்லை.
பிடிக்க ஒன்றுமில்லாததை எப்படித் தொழில் என்பது,
சன்னலுக்கு அந்தப் பக்கம் நான் இருந்தாலும்
இதைத்தான் கேட்பேன்.

கச்சான் அடிக்கும் ஆடியிலும்
நாலரைக்கு எழுந்து
கேம்ப் ரோட்டில் எண்பது மின்கம்பம் போய்த் திரும்புவேன்.
மணல் கன்னத்தில் ஊசி போடும்.
நாய்கள் மூன்றாவது கம்பம் வரை கூட வரும்,
அவையும் சம்பளம் இல்லாமல்தான்.

ஒரேயொரு முறை
(இதை வங்கியில் சொல்லவில்லை)
கீழக்கரை இபுராம்சா போன் செய்தார்.
ஏர்வாடியில் தொடங்கிப் பத்து கிலோமீட்டர்,
முதல் பரிசு அரை லட்சம்.
உனக்கு மூவாயிரம், ஓடுவதற்கு முன்னாலேயே.

முன்னாலேயே.
நண்டு கம்பெனியில்கூட
சனிக்கிழமை சாயங்காலம்தான்.

நீ ஜெயிக்க வேண்டாம், என்றார்.
சென்னையிலிருந்து சுகிர்தா வருகிறாள், ரயில்வே.
அவளுக்கு முன்னால் ஒரே வேகத்தில் போ.
கிலோமீட்டருக்கு மூணு அம்பது.
காற்றை நீ வாங்கிக்கொள்.
ஏழாவதில் விலகிவிடு.

சுகிர்தாவுக்கு அன்று சளி.
மூக்கைப் புறங்கையில் துடைத்தபடி சொன்னாள்:
வராவிட்டால் மெமோ கொடுப்பார்கள் அக்கா.
இப்போதெல்லாம் எனக்கு ஓடவே பிடிக்கிறதில்லை.
சொல்லிக்கொண்டே ஷூ கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டாள்,
நான் ஐஸ் பெட்டி கட்டுவதுபோல,
பார்க்காமலே.

முதல் மூன்று தெரியவில்லை.
நாலாவதில் என் முதுகில் அவள் மூச்சு தடுக்கியது.
ஆறாவதில் என் மூச்சு எனக்கே கேட்கவில்லை,
அவ்வளவு மிச்சம் இருந்தது உள்ளே.
வாலிநோக்கம் பக்கம்
உப்புக் குவியல்கள் தார்ப்பாயில்லாமல் வெளுத்து நின்றன.
அரை லட்சம், இன்னும் மூன்று கிலோமீட்டரில்.
போகலாமா என்றது கால்.
நான் பதில் சொல்லவில்லை.
மறுபடியும் கேட்டது.

ஏழு என்று எழுதிய பலகை.
விலகினேன்.

பாத்தி வரப்பில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன்.
அவள் போனாள்.
ஒன்பது பேர் போனார்கள்.
கடைசியாகப் பள்ளிச் சீருடையில் ஒருத்தி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.
குதிகால் வெடிப்பில் உப்பு ஏறியது.
தண்ணீர் பாக்கெட் நீட்டிய பையன்
முடியலையாக்கா, என்றான்.

முடிஞ்சிருச்சு, என்றேன்.

குக்கர் வாங்கிய மேடையிலோ
கிடாய்க் கயிறு கைக்கு வந்தபோதோ
அப்படி நான் உட்கார்ந்ததில்லை,
ஷிப்டு முடிந்தவள் மாதிரி.

சன்னல்காரர் கடைசியில் தானே ஏதோ எழுதி
கையெழுத்துக்கு நீட்டினார்.
ஓட்டுநர், என்றிருந்தது.
திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
வரிசை வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது.
பிலோமின் என்று அழுத்திப் போட்டேன்.

சொந்த வண்டியா, வாடகையா?

சொந்தம் சார்.
எப்போதாவது வாடகைக்கும் போகும்.