உள்ளீடற்ற ஆணி

முதலில் லீவரைத் திறந்து
உள்ளே தோட்டா இல்லையென்று பார்க்கிறேன்.
பிறகு இன்னொரு தடவை பார்க்கிறேன்.
மைல்ஸ் சிட்டியில் பதினேழு வருடம்
அடகுக்கடை நடத்தியவளுக்கு
ஒரு தடவை பார்த்தது போதாது.

டெல்மர் ஓக்ஸ்டாட் தொப்பியைக் கழற்றவில்லை.
அவர் பூட்ஸிலிருந்து மார்ச் மாதத்துச் சேறு
என் தரையில் உதிர்கிறது.
"அப்பா இங்வால்டுடையது.
நாற்பத்தொன்பதாம் வருடப் பனியில்,
மாடுகள் நின்றவாக்கிலேயே விறைத்துப்போன அந்தப் பனியில்,
இதை வைத்துத்தான் வீட்டுக்குக் கறி கொண்டுவந்தார்."

கதைக்கு நான் விலை போடுவதில்லை.
கல்லாவுக்கு மேலே எழுதியே மாட்டியிருக்கிறேன்.

குதிரையென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
இதற்குத் திருகின் தலை.
அளவு பொருந்தாத திருப்புளி பட்டிருந்தால்
காடி மழுங்கி, விளிம்பு பிசிறடித்து
காட்டிக்கொடுத்துவிடும்.
இதில் எல்லாம் கூர்மையாக இருக்கிறது.
யாரும் உள்ளே கைவைக்கவில்லை.

திறந்த வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து
விளக்கொளியை அதில் ஏந்தி
குழலின் மறுமுனையில் கண்ணை வைக்கிறேன்.
வரிகள் சுழன்று சுழன்று வருகின்றன.
பாதி வழியில் மிளகளவு ஒரு கருப்பு,
அதற்குப் பத்து டாலர் குறைப்பேன்.

உடல்தான் இடிக்கிறது.
நீலமாக இருக்க வேண்டியது
கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது.
தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் நாக்கு
கடைந்த இரும்பல்ல, அச்சில் வெட்டிய தகடு.
லீவரை ஆட்டினால்
வாடகை வீட்டுக் கதவு மாதிரி லொடலொடக்கிறது.
அப்புறம் அந்த ஆணி.
முழு இரும்பு இருக்க வேண்டிய துளையில்
சுருட்டிய தகடு. உள்ளே வெற்றிடம்.
தைக்கிற ஊசியை விட்டால் அந்தப் பக்கம் வந்துவிடும்.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவர்
துப்பாக்கிக்குச் சில சென்ட் மிச்சம் பிடித்த காலம் அது.
அறுபத்து நான்குக்கு முந்தியது எதிலும்
நான் இதைக் கண்டதில்லை.

சீரியல் எண்ணைத் தேடிப் பார்த்தேன்.
அறுபத்தெட்டு.

"இந்தத் தழும்பைப் பாருங்கள்,"
கட்டையில் பிறை மாதிரி ஒரு குழி.
"எங்கள் சிவப்புக் குதிரை மிதித்தது.
எனக்கு ஏழு வயது. பக்கத்தில் நின்றேன்."

லென்ஸை எடுத்தேன்.
குளம்பு மிதித்தால் மரத்தின் நார் நசுங்கும்.
இங்கே நார் அறுந்திருக்கிறது.
உளி. மூன்று வெட்டு.
மேலே தேய்த்தது பூட் பாலிஷ்.

அவருக்கு ஏழு வயதென்றால்
இந்த மரம் அன்றைக்கு
இலையோடு எங்கேயோ நின்றிருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
துப்பாக்கியைக் கவிழ்த்தேன்.
நடக்கும்போது கை பிடிக்கும் இடம்
பூச்செல்லாம் போய் வெள்ளியாய்க் கிடந்தது.
இதை உளியால் செய்ய முடியாது,
பாலிஷாலும் முடியாது.
ஒரே உள்ளங்கை, முப்பது வேட்டைப் பருவமாவது.

"முந்நூற்றைம்பது."
"நாற்பத்தொன்பதாம் வருடத்துக்கா?"

ஊசியைக் கொடுத்தேன். ஆணியைக் காட்டினேன்.
விட்டுப் பார்த்தார்.
கேட்காமலே லென்ஸையும் எடுத்துக்கொண்டார்.
கட்டையின் மேல் குனிந்தவர்
நிமிர வெகுநேரமாயிற்று.
வெளியே ஒரு லாரி கியர் மாற்றி, மாற்றி,
பாலம் ஏறிப் போனது.

"அறுபத்தெட்டா?"
"அறுபத்தெட்டு."
"அந்த வருடம்தான்
பில்லிங்ஸுக்குக் கூட்டிப்போய்
எனக்குப் பல்லில் கம்பி போட்டார்கள்."

நாக்கால் மேல்வரிசையை
ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை
மெதுவாகத் தடவிக்கொண்டார்.

அப்புறமும் விற்கத்தான் செய்தார்.
வைக்கோல் விலை அப்படி.
முந்நூற்று எழுபதுக்குப் பேசி முடித்தோம்.

ரசீதில், தயாரித்த ஆண்டு: 1968.
குறைகள்: குழலில் ஒரு புள்ளி,
கட்டையில் உளி
என்று எழுதப்போய் நிறுத்தினேன்.
தலைகீழாக அவர் படித்துக்கொண்டிருந்தார்.

அடித்துவிட்டு எழுதினேன்:
குதிரை மிதித்தது.