இல்லாத வெள்ளி

ஆப்பியா பதிவகத்தில்
பிறப்புக்கு நீலப் பேரேடு,
இறப்புக்குப் பழுப்பு.
இரண்டிலும் இருபத்தொன்பதுக்குக் கீழே
விரற்கடை இடம் விட்டு
முப்பத்தொன்றைத் தொடங்கினேன்.
ஏன் விட்டேன் என்று அப்போது தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினொன்று, டிசம்பர்.
வியாழன் ராத்திரி பன்னிரண்டு அடித்தது,
தேவாலய மணிகள் ஊரையே கூட்டின.
கண்மூடி ஜெபித்துத் திறந்தால், சனி.
கடல்மேல் போட்டிருந்த நாள்கோட்டைச் சுருட்டி
தீவுக்கு அந்தப் பக்கம் விரித்துவிட்டார்கள்.
சிட்னியோடு வியாபாரத்துக்கு அதுதான் தோதாம்.
விடிவெள்ளி வழக்கம்போல் முளைத்தது,
வெள்ளிக்கிழமைதான் முளைக்கவில்லை.

உழைக்காத வெள்ளிக்கும் கூலி கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டோம்.
ஓய்வுநாள் சபைக்காரர்கள்
எது சனி, எது ஞாயிறு என்று
ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள்.
முப்பதாம் தேதி ஐம்பது முடிய இருந்த
லாங்கிமாய்னா, பன்றியெல்லாம் வாங்கிவைத்தபின்
நாற்பத்தொன்பதிலேயே நின்றுகொண்டாள்.
பார்க்கும்போதெல்லாம்
"என் வயசைத் திருத்திட்டியா?" என்பாள்.

மேலதிகாரி சொன்னார்:
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டில்
அமெரிக்கக் கப்பல்காரர்களுக்காக
ஜூலை நாலை இரண்டு தடவை வாழ்ந்தோம்,
அந்தக் கடன் இப்போது அடைந்தது.
கடன் வாங்கியவர்கள் எல்லாரும் மண்ணுக்குள்.
அடைத்தது நாங்கள்.

ஜனவரி நாலாம் தேதி,
சொட்டும் குடையோடு வந்தாள் ஃபுவாட்டினோ.
புருஷன் சகாயோ
பாகோ பாகோவில் சூரைமீன் ஆலையில் வேலை.
கப்பலில் ஒரு ராத்திரி தூரம்.
அங்கே யாரும் கோட்டைத் தொடவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள்:
வெள்ளி, டிசம்பர் முப்பது, காலை ஆறேகால்.

கணக்குப் போட்டேன்.
அங்கே வெள்ளி ஆறேகால் என்றால்
இங்கே சனி ஏழேகால்.
பேனாவை எடுத்தேன்.

"சனின்னு எழுதாதீங்க.
சனிக்கிழமை பூராவும் நான் சிரிச்சிட்டிருந்தேன்.
சேதி வந்ததே ஞாயித்துக்கிழமைதான்.
அவர் வெள்ளிக்கிழமை செத்தார்."

கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்:
"அந்த வெள்ளிக்கிழமை
நான் எங்கே இருந்தேன்?"

மின்விசிறி தாளைத் தூக்கியது.
முழங்கையால் அழுத்திக்கொண்டு
அந்த விரற்கடை இடத்தில் எழுதினேன்.
செல்லுமா செல்லாதா, தெரியாது.
தணிக்கைக்கு வந்தவர் மூன்று முறை
அந்த வரியில் பென்சிலால் கேள்விக்குறி போட்டார்.
மூன்று முறையும் அழித்தேன்.

வானொலிக்குத் தினமும்
'இந்த நாளில்' எழுதித் தருவதும் என் வேலை.
யார் பிறந்தார், யார் போனார்,
எந்தப் புயல் எவர் கூரையைக் கொண்டுபோனது.
இன்று டிசம்பர் முப்பது.
தட்டச்சில் அடித்தேன்:
'இரண்டாயிரத்துப் பதினொன்றில்
இங்கே ஒன்றும் நடக்கவில்லை.'
கீழே, கையெழுத்தில், ஒரு பெயர்.

வாசித்த பெண்
அந்த இடம் வந்ததும் நின்றாள்.
தாள் திரும்பும் சத்தம் கேட்டது.
இருமினாள்.
அடுத்தது வானிலை என்றாள்.