முன்பணத்தில் கழித்தது

ஃபிரெஸ்னோவிலிருந்து டென்வருக்குக் குடிபோகிற வழியில்
இந்தக் கோபுரம் இல்லை.
எண்பது மைல் சுற்று.
வாடகை லாரியின் பெட்ரோல் கணக்கைச் சொல்லிச் சொல்லியே
இளம்பரிதி ஓட்டிவந்தான்.
பின்னால் ஃபிரிட்ஜைக் கட்டிய கயிறு
ஒவ்வொரு மேட்டிலும் ஒருதரம் முனகியது.

யூட்டாவின் வறண்ட பள்ளத்தாக்கு விளிம்பில்
வீடளவுப் பாறை ஒன்றின் தலையில்
எண்ணூறு வருடமாக நிற்கிறது.
பாறை எப்போதோ சரியத் தொடங்கிப்
பாதியில் மனம் மாறியிருக்கிறது.
கோபுரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

காவலா, களஞ்சியமா, கடவுளா,
நட்சத்திரம் பார்க்கவா?
"தெரியாது" என்றாள் லியோனா,
பூங்காக் காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே.
காப்பீட்டு அலுவலகத்தில் பதினாலு வருடம்
நஷ்டத்துக்குக் காரணம் எழுதியவள் நான்.
அந்தச் சொல்லை அத்தனை நிம்மதியாக
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏன் காணாமல் போனார்கள், இளம்பரிதி கேட்டான்.
"காணாமல் எங்கே போனார்கள்?
மழை பொய்த்தது, தெற்கே நகர்ந்தார்கள்.
என் அம்மா வீடு இங்கிருந்து நாலு மணி நேரம்.
ஞாயிற்றுக்கிழமை போவேன்,
துணி துவைக்க."

பிறகு சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று
முகவாயால் காட்டினாள்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, மண்சாந்தில்,
நாலு விரல் அழுத்தம்.
ஈரத்தோடு அப்பிவிட்டு
அடுத்த கல்லுக்குத் திரும்பியிருக்கிறாள்,
அல்லது திரும்பியிருக்கிறான்.
சின்ன விரல்கள், என்னுடையதைவிட.
சுண்டுவிரல் சரியாகப் பதியவில்லை.
அவசரம் போலிருக்கிறது.
யாரும் கை வைக்கக் கூடாதென்று
பக்கத்தில் ஒரு பலகை,
மூன்று மொழிகளில்.

என் கைப்பையில் வீட்டுக்காரர் அனுப்பிய தாள்:
ஆணித் துளை பதினொன்று, அறுபத்தாறு டாலர்.
அடுப்பருகே சுவரில் மஞ்சள் கைத்தடம்,
தேய்த்தும் போகவில்லை,
நூற்றெண்பது.
நேற்று மோட்டலில் அதை வைத்து
அவனோடு ஒரு மணி நேரம் சண்டை.
நீதான் துடைக்கவில்லை,
நீதான் பார்க்கவில்லை.

தாளை எடுத்தேன்.
அவளிடம் காட்டலாமா என்றிருந்தது.
மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

லாரிக்குத் திரும்பும்போது
கயிறு தளர்ந்திருக்கிறதா பார் என்றான்.
பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.
இழுத்து முடிந்தேன், இரண்டு முடிச்சு.

இந்நேரம் ஃபிரெஸ்னோவில்
யாரோ ரோலரை வெள்ளையில் முக்கி
என் கையின்மேல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.
ஒரு பூச்சில் போகாது.
இரண்டாவதிலும் லேசாகக் கசியும்.
மஞ்சள் அப்படி.
அதற்கும் சேர்த்துத்தான்
பிடித்திருக்கிறார்கள் போல.