மூன்றா எட்டா

தரமணி. மூன்றாம் தளம். இரவு ஷிஃப்ட்.
திரையில் ஒரு பழைய செய்தித்தாள்,
ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மடிப்பு.
1910, ஜனவரி.
வெள்ளி தோண்டும் ஏதோ ஒரு வடக்கத்தி ஊரில்
சம்பளத்துக்கு ஆடிய ஐஸ் ஆக்கி.
ஆயிரம் எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்று
அந்த சீசனை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

எழும்பூரில் பார்த்த ஆக்கி வேறு.
அங்கே பந்து, இங்கே தட்டையாக ஒரு வட்டு.
அணிக்கு ஏழு பேர் என்பதே
பெயர்களை எண்ணித் தெரிந்துகொண்டதுதான்.
ஏழாமவனுக்கு நிலையான இடம் கிடையாது,
தேவைப்பட்ட பக்கம் ஓட வேண்டும்.
(எங்கள் தளத்தில் அது நான்.)
வலைக்குப் பின்னால் ஐஸிலேயே ஒருவர் நிற்பாராம்,
கோல் விழுந்தால் கைக்குட்டை ஆட்ட.

டூலன் என்று ஒருவன்.
பொங்கல் வாரத்தில் ஓர் அணி,
மாதக் கடைசியில் அதன் எதிரணி.
கூடக் கொடுத்திருப்பார்கள்.
சோழிங்கநல்லூர் கம்பெனிக்குத் தாவிய
அமலோற்பவத்தை நினைத்துக்கொண்டேன்.
இரண்டாயிரம் கூட, வீட்டு வாசல் வரை வேன்.
போகும்போது என் ஸ்வெட்டரையும் கொண்டுபோய்விட்டாள்.

‘வெயில் ஏறி ஐஸ் இளகியது, ஆட்டம் ரத்து.’
அந்த வரியை அடிக்கும்போது இங்கே
அக்னி நட்சத்திரத்தின் நாலாம் நாள்.
ஏசி நின்றுபோய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் அடிப்போம்.
நான் ஒருமுறை, எதிர் வரிசையில் இம்தியாஸ் ஒருமுறை.
ஒத்துப்போகாத இடத்தில் சிவப்பு விழும்.
பிப்ரவரி பத்தொன்பதில் விழுந்தது.
மை ஊறிய ஓர் எண்.
எனக்கு மூன்று, அவனுக்கு எட்டு.
எதிரணி ஐந்து.
மூன்றென்றால் டூலன் தோற்றான்,
எட்டென்றால் ஜெயித்தான்.
“கோல் போட்டவங்க பேரை எண்ணிப் பாரு” என்றான்.
பேர் இருந்த இடத்தில்தான் மடிப்பு.
திரையைப் பெரிதாக்கினோம்.
பெரிதாக்கப் பெரிதாக்க அது எண்ணாக இல்லை,
சாம்பல் கட்டங்கள்.

நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து,
செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து,
நாங்கள் இருவர்
வலைக்குப் பின்னால்,
கைக்குட்டையோடு.

ஜெரால்டு சார் வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அரை நிமிடம் பார்த்தார்.
“கேள்விக்குறி போடு. கிளையன்ட் பாத்துப்பான்.”
கேள்விக்குறியும் ஓர் எழுத்துதான், அதற்கும் காசு உண்டு.
அடுத்த பக்கத்தில் டூலனின் பேரே இல்லை.

ஐந்தரைக்கு ஐஸ் அவுஸில் இறங்கினேன்.
ஜாம்பஜார் திருப்பத்தில் மீன்காரர்களுக்கு
ஐஸ் பார் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒன்று கொக்கி நழுவி,
மீன் தண்ணீர் ஓடிய தரையில்
சர்ரென்று என்னைப் பார்த்து வந்தது.
நான் விலகினேன்.
கால் பக்கத்தில் போய்
ஆட்டோ சக்கரத்தில் மோதிச் சிதறியது.

“ஏம்மா, மலை மாதிரி நிக்கற,
காலை வெச்சு நிறுத்தக் கூடாதா?”
என்று கத்தினாள் மீன்காரம்மா.

எட்டுதான்.