உயிர் இருக்கிற ட்யூப்

கண்ணாடி கிலோ மூன்று ரூபாய்.
செம்புச் சுருள் தனி விலை.
உயிர் இருக்கிற ட்யூப் என்றால்
வாய்க்கு வந்ததைக் கேட்கலாம் என்பான் தேசப்பன்.

கொடுங்கையூர்ப் புகை இறங்கிவந்த ஒரு மதியம்
வியாசர்பாடி ஷெட்டுக்குக் குடையோடு வந்தார்
சுகிர்தா மேடம். பிசிக்ஸ்.
தண்டையார்பேட்டைப் பக்கம் ஏதோ காலேஜ்.
"ஆசிலோஸ்கோப் இருக்கா? ஓடணும்.
பசங்க போர்டுல வரைஞ்சதைப் பார்த்தே
பாஸ் பண்ணிட்டுப் போறாங்க."

இருந்தது, வயர் மூட்டைகளுக்கு அடியில்.
எலிப்புழுக்கை தட்டி, ப்ளக் இல்லாத வயரைத்
தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் செருகினேன்.
ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.
"செத்த பாம்பு" என்றார் எடைக்காரர்.
பிறகு நடுவில்
பச்சையாய் ஒரு கடுகு.

ஆட்டோவில் கழற்றிய ஸ்பீக்கர் காந்தத்தைத்
திரைக்கு மேலே பிடித்தான் தேசப்பன்.
ஆணியைப் போல ஓடிவரும் என்றுதான் நினைத்தேன்.
வரவில்லை. பயந்து கீழேயும் இறங்கவில்லை.
இடப்பக்கம் ஒதுங்கி நின்றது,
ஸ்டீபன்சன் ரோட்டில் லாரி வரும்போது
சைக்கிள் ஒதுங்குகிற மாதிரி.
காந்தத்தைப் புரட்டினால் வலப்பக்கம்.

மேடம் இடது கையை நீட்டினார்.
"நடுவிரல் கரண்ட். எலக்ட்ரான் நம்ம பக்கம் வருது,
அதனால விரல் திரைக்குள்ள பார்க்கணும்.
ஆள்காட்டி விரல் காந்தப்புலம், கீழே.
கட்டைவிரல் காட்டுற பக்கம் போகும்.
நீங்களும் பிடிங்க."

பிடித்தேன்.
கட்டைவிரல் இருந்தது. நடுவிரல் இருந்தது.
இரண்டுக்கும் இடையில் இருந்ததை
பேலிங் மெஷின் எடுத்துக்கொண்டு
ஆறு வருஷமாகிறது.

மேடம் கையை மடக்கிக்கொண்டார்.
ஏதோ சொல்ல வந்து
குடையைத் தேடினார்.

"இருங்க மேடம்."
தேசப்பனிடமிருந்து காந்தத்தை வாங்கி
விரல் இல்லாத இடத்தில்
கீழ்நோக்கிப் பிடித்தேன்.
கட்டைவிரல் இடப்பக்கம் நீண்டது.
புள்ளியும் அங்கேதான் போனது.

"வேகம் குறையாது" என்றார், திரையைப் பார்த்தபடி.
"திசை மட்டும்தான் மாறும்.
காந்தம் அதுகிட்டேர்ந்து
ஒண்ணும் எடுத்துக்கிறதில்ல."
மெஷினைப் பற்றி நான் பேசவில்லை.

இரண்டாயிரத்தில் தொடங்கி
ஆயிரத்து எண்ணூறில் முடிந்தது.
காந்தத்தையும் கேட்டார். சும்மா கொடுத்தேன்.
தேசப்பன் முறைத்தான்.

ஜீவா ஸ்டேஷன் படிவரை பெட்டியைச் சுமந்து போனேன்.
"ஒருநாள் காலேஜுக்கு வந்து
இதே மாதிரி செஞ்சு காட்டுவீங்களா?"

புதன்கிழமை என்றால்
லோடு இருக்காது என்றேன்.