பக்கம் அறுபத்தொன்று

செல்லம்பட்டி தாண்டி இடப்பக்கம் பிரியும் சாலையில்
வண்டி நின்றபோது மணி பதினொன்றே கால்.
மதிப்பீட்டாளர் முதலில் தொட்டியைப் படம் எடுத்தார்,
பிறகு தொட்டியில் எழுதியிருந்த
தன் நாட்டின் பெயரை மட்டும், கிட்டப்போய்.

பல்லில் காவிக்கறை இல்லாமல் வளரும் பிள்ளைகள்
இந்த ஏழு வருடத்தில் எத்தனை என்று கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தலைக்கு எவ்வளவு, அதுதான் கட்டம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு தலை.
வகுத்தால் தலைக்கு நாற்பத்தோரு யூரோ.

கொஞ்சம் அதிகம், என்றார் என்னிடம் குரல் தாழ்த்தி.
இதே பணத்துக்கு வேறொரு நாட்டில்
எத்தனை ஆயிரம் கொசுவலை வரும் தெரியுமா?
தெரியாது.
யாரோடு ஓடவிட்டிருக்கிறார்கள் என்று
இந்த ஊருக்கும் யாரும் சொன்னதில்லை.

உசிலம்பட்டிச் சந்தையில்
துண்டைப் போர்த்தி மாட்டுக்கு விலை பேசுவார்கள்.
உள்ளே எத்தனை விரல் மடங்குகிறது என்பது
வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.
திருட்டுத்தனம் என்றே நினைத்திருந்தேன்.
ஆனாலும் அந்தத் துண்டுக்குள் இரண்டு கை உண்டு;
பிடிக்காத கை உருவிக்கொள்ளலாம்.
இங்கே இருந்தது ஒரே கை.
ஊர் நின்றது
மாடு நிற்கிற இடத்தில்.

ஒச்சம்மாள்தான் தண்ணீர்க் குழுவுக்குக் கணக்கு.
குடம் ரெண்டு ரூபாய், கேன் ஐந்து.
வரவும் செலவும் மோட்டார் ரூம் சுவரில்
மாதாமாதம் சாக்பீஸில் ஏறும்:
காயில் கட்டியது ரெண்டாயிரத்து நானூறு,
கரண்டு பில்,
பிளம்பருக்கு டீ பத்து.
அவர் சுவரைப் பார்த்தார். தலையசைத்தார்.
படம் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள்.
"எங்க கணக்கு சுவத்துல கெடக்கு.
அவுக கணக்கு எங்க கெடக்கு?
இந்தக் காரு வாடகை,
அழகர்கோவில் ரோட்டு ரூமு,
அவுக சம்பளம், உன் சம்பளம்,
இதையும் அறுநூத்திப் பன்னெண்டால வகுத்தீகளா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
என்ன சொல்கிறார் என்று அவர் என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு நாளொன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
பேரையூர், எழுமலை,
இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி.

நன்றி சொல்கிறார்கள், என்றேன்.

அவர் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.
ஒச்சம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
பதிலுக்குக் கும்பிடவில்லை.

வண்டி திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது,
சுவரோரம் அவள் சாக்பீஸ் தேடி எடுத்து எழுதியது.
எழுத்து தலைகீழாகத் தெரியாது கண்ணாடியில்,
இடவலமாகத் தெரியும்.
அப்படியும் வாசித்துவிட்டேன்:
காரில் வந்தவுக, காப்பி, வடை, நூத்தி நாப்பது.

நாலு மாதம் கழித்து அறிக்கை வந்தது.
எண்பத்து நாலு பக்கம்.
பணத்துக்கேற்ற பலன்: நடுத்தரம்.
நடுத்தரம் எதோடு வைத்து நடுத்தரம்
என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை.
அறுபத்தொன்றில்,
பயனாளிகள் நன்றி தெரிவித்தனர்.
சான்று, நேர்காணல் பதினேழு.

மொழிபெயர்ப்பாளர் பெயர் கடைசியில் இருக்கிறது,
ஒரு எழுத்துப் பிழையோடு.
செலவு அட்டவணையை இரண்டு முறை தேடினேன்.
அந்த நூற்று நாற்பது
எங்கும் இல்லை.